கெய்ரோ நகரத்துப் பொற்கொல்லரும் கீழராஜ வீதிப் பத்தரும்

1898ஆம் ஆண்டில், அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் ஒரு புதையல் வெளிப்பட்டது. எண்ணிப் பார்த்தபோது 501 பொற்காசுகள் இருந்தன. அத்தனையும் ரோமாபுரிக் காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர் காலத்தவை. ஒவ்வொன்றும் இன்றைய ஒரு பவுனுக்குச் சற்றே குறைந்த எடை. ஆனால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருந்தது.

ஏன் வெட்டினார்கள்? அறிஞர்கள் பல காரணம் கூறுவர். 'இனி இது காசு அன்று, வெறும் பொன்' என்று காட்டவே வெட்டினார்கள் என்பது அவற்றுள் ஒன்று. எங்களுக்கு அந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. காசாக வந்த பொன் இங்கே எடைக்குப் பொன்னாகி, உருகி, ஒரு பெண்ணின் கழுத்தில் ஏறியிருக்கும். அவள் பேத்தி காலத்தில் அதுவும் உருகி வேறொன்றாகியிருக்கும். பொன்னின் வரலாற்றை எழுதுவது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். கல்லும் செம்பும் பழமையைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பொன்னோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறந்துவிடுகிறது.

இவ்வாண்டு எங்கள் வரலாற்று மன்றத்தில் இடைக்கால அரபு நாடுகளைப் பற்றிப் படித்தபோது, அந்நாட்டுப் பொன் நகைகளின் படங்கள் சிலவற்றைப் பார்த்தோம். அவற்றில் ஒன்று பிறைநிலா வடிவான பதக்கம். பார்த்தவுடன் எங்களில் ஒருத்தி, "இது ஆண்டு விழாவில் நான் தலையில் வைத்த சந்திரப்பிரபை அல்லவா!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

கி.பி. 969இல் பாத்திமியர் என்னும் அரச மரபினர் எகிப்தைக் கைப்பற்றிக் கெய்ரோ நகரை அமைத்தனர். 1171 வரை அவர்கள் ஆண்டார்கள். அந்த 200 ஆண்டுகளில் கெய்ரோவிலும் சிரியா நாட்டிலும் செய்யப்பட்ட பொன் நகைகளே இஸ்லாமிய உலகின் தலைசிறந்த பொன்வேலை என்று போற்றப்படுகின்றன. அவை கனமானவை அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கனமான நகையே நல்ல நகை என்று எண்ணும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஒரு பதக்கத்தை அவர்கள் சிறு பெட்டியைப் போலச் செய்தார்கள். முன்முகம் ஒன்று, பின்முகம் ஒன்று, இரண்டையும் இணைக்கும் பக்கத்தகடு ஒன்று, உள்ளே வெற்றிடம். முகங்கள் தகடாகவும் இரா. மயிரிழை போன்ற பொற்கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி, வளைத்து, கொடியும் சுருளுமாக அடுக்கிப் பற்றவைத்து, வலை போல் ஆக்கியிருப்பார்கள். அந்தக் கம்பியின் மேலே கசகசா விதை அளவுள்ள பொற்குண்டுகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். நடுவில் வண்ணக் கண்ணாடிக் குழம்பை உருக்கி, எதிரெதிரே நோக்கும் இரண்டு பறவைகளைத் தீட்டியிருப்பதும் உண்டு. விளிம்பைச் சுற்றிச் சிறு வளையங்கள் இருக்கும். அவற்றில் முத்துச் சரம் ஓடும். அந்த முத்துச் சரங்கள் பெரும்பாலும் அறுந்து மறைந்துவிட்டன, வளையங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

இவ்வளவு அருமையான நகைகள் இன்று மிகச் சிலவே உள்ளன. 1060களில் எகிப்தில் பஞ்சமும் குழப்பமும் தலைவிரித்தாடின. சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் முஸ்தன்சிர் என்னும் கலீபாவின் கருவூலத்தையே சூறையாடினார்கள். பொன்னெல்லாம் உலைக்குப் போயிற்று. பொன் அல்லாதது தப்பியது. கலீபா அல்-அசீஸின் (975-996) பெயர் பொறித்த படிகக் குடுவை ஒன்று கடல் கடந்து வெனிஸ் நகரம் சேர்ந்து, இன்றும் புனித மாற்கு பேராலயக் கருவூலத்தில் இருக்கிறது. இஸ்லாமிய மன்னரின் குடுவைக்குப் பொன்னில் பூண் கட்டிக் கிறிஸ்தவ ஆலயத்தில் போற்றி வைத்திருக்கிறார்கள். அழகிய வேலைப்பாட்டின் முன் சமய வேறுபாடு நிற்பதில்லை போலும்.

நகைகள் அழிந்தாலும் அவற்றின் பட்டியல்கள் அழியவில்லை. பழைய கெய்ரோவில் யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று உண்டு. இறைவனின் திருப்பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதால், பயன் முடிந்த தாள்களை அங்கே ஓர் அறையில் போட்டு வைப்பது வழக்கம். காலப்போக்கில் கடிதம், கணக்கு, ஒப்பந்தம் எல்லாமே அதில் சேர்ந்தன. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் கோய்ட்டைன் என்னும் பேராசிரியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அத்தாள்களைப் படிப்பதிலேயே செலவிட்டு ஐந்து பெருந்தொகுதிகள் எழுதினார்.

அத்தாள்களில் மணப்பெண்களின் சீர்வரிசைப் பட்டியல்கள் இருக்கின்றன. தோடு இவ்வளவு, வளையல் இவ்வளவு, கொண்டை ஊசி இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தினார்க் கணக்கில் விலை மதித்து எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதுகிறார்களே, அதே காட்சிதான். ஆனால் நோக்கம் வேறு. அந்த நகை பெண்ணின் உடைமை. கணவன் இறந்தாலோ மணம் முறிந்தாலோ அது, அல்லது அதன் விலை, அவளிடமே திரும்ப வேண்டும். அதற்காகவே விலையோடு எழுதிச் சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். இஸ்லாமியத் திருமணத்திலும் மணமகன் கொடுக்கும் மஹர் மணமகளுக்கே சொந்தம். இங்கு நம் நாட்டிலோ, எத்தனை பவுன் என்று மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் கேட்கிறார்கள். வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. இருந்தும் அக்கேள்வி ஓயவில்லை. பெற்றோர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டும் என்று எங்களில் பலர் சொன்னார்கள். ஆகவே இதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

படத்தைப் பார்த்தால் மட்டும் போதுமா? கம்பியின் மேல் அந்தக் குண்டு எப்படி உட்கார்ந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே கீழராஜ வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் முதிய பத்தர் ஒருவரிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை மாலை அருட்சகோதரியுடன் சென்றோம். அரபு நாட்டுப் பதக்கத்தின் படத்தைக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதைச் செஞ்சவன் நல்லா ஊதியிருக்கான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு செய்து காட்டத் தொடங்கினார்.

முதலில் கம்பி. எஃகுத் தகட்டில் பெரிதும் சிறிதுமாகத் துளைகள் போட்ட கம்பி அச்சு ஒன்று அவரிடம் இருந்தது. பொற்கம்பியைப் பெரிய துளையில் நுழைத்து இழுத்து, அடுத்த சிறு துளையில் இழுத்து, இடையிடையே நெருப்பில் காட்டி இளக வைத்து மறுபடியும் இழுத்தார். கம்பி நூலாயிற்று. அதைப் பொடிப்பொடியாக நறுக்கினார். கரித்தூளைப் பரப்பி, அதன்மேல் அந்தத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தூவி, மேலும் கரித்தூள் இட்டு மூசையில் வைத்துச் சூடேற்றினார். ஆறியபின் கழுவினால், அத்தனை துணுக்குகளும் உருண்டைகள்! தட்டி உருட்டியவர் எவரும் இல்லை. உருகிய பொன் தானாகவே உருண்டு கொண்டது. மழைத்துளி உருண்டையாக இருப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. இயற்பியல் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

அடுத்தது ஒட்டுதல். இங்குதான் கைத்திறன். பொன்னோடு சிறிதளவு செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்கி அராவிய பொடியையும் வெங்காரத்தையும் நீரில் குழைத்து, அதில் தொட்டுக் குண்டுகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியின்மேல் வைத்தார். பிறகு ஊதுகுழலை வாயில் வைத்து விளக்குச் சுடரை நகையின்மேல் திருப்பினார். பொடி, பொன்னைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் உருகும். அது உருக வேண்டும், பொன் உருகக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள நேரம் ஒரு மூச்சுத்தான். மூச்சு ஒன்று கூடினால் ஒரு வார வேலை ஒரு சொட்டாகிவிடும். கன்னம் உப்பியபடியே இருக்க, மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட்டுக்கொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரரை நினைத்துக்கொண்டோம். "ஊதப் பழகவே ரெண்டு வருசம் ஆகும் தாயி" என்றார். ஒருவர் குத்தலாகப் பேசினால் 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்கிறோம். அந்தப் பொடி இந்தப் பொடிதான் என்று சொல்வாருண்டு.

கெய்ரோவிலும் இதே முறையில்தான், பெரிய மாறுதல் இன்றி, செய்தார்கள். சில பழைய கைவினைஞர் பொடிக்குப் பதில் செம்பு உப்பைப் பசையோடு குழைத்துப் பயன்படுத்தினர். சூட்டில் பசை கரியாகும். அக்கரி செம்பு உப்பைச் செம்பாக்கும். செம்பு பொன்னோடு கலக்கும் இடத்தில் மட்டும் உருகுநிலை குறையும். ஒட்டிய தடமே தெரியாது. வேதியியல் பாட நூல் இல்லாத காலத்தில் இதை யார் கண்டுபிடித்தார்களோ!

பொன்னைத் தூய்மை செய்வதிலும் அப்படியே. ஏமன் நாட்டு அறிஞர் அல்-ஹம்தானி 10ஆம் நூற்றாண்டில் பொன்னையும் வெள்ளியையும் பற்றியே ஒரு நூல் எழுதினார். பொன்னைத் தகடாக்கி, உப்பும் செங்கல் தூளும் இட்டு அடுக்கி, உருகாமல் நெடுநேரம் சூடேற்றுவது அக்காலத்து முறை. பொன்னில் கலந்துள்ள வெள்ளி உப்போடு கூடி வெள்ளிக் குளோரைடாகிச் செங்கல் தூளில் இறங்கிவிடும். பொன்னுக்கு ஒன்றும் நேராது. நாம் 'புடம் போட்ட தங்கம்' என்கிறோமே, அதன் பொருள் இதுதான். மலாக்கி இறைவாக்கினரும் புனித பேதுருவும் பொன் நெருப்பில் சோதிக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருந்தும், பட்டறைக்குப் போகும்வரை அது எங்களுக்கு வெறும் சொல்லாகவே இருந்தது.

எடையில் மட்டும் அவரவர் நாட்டு விதைகளை அவரவர் பயன்படுத்தினர். நடுநிலக்கடல் நாட்டவர் கரோப் மரத்தின் விதையைக் கொண்டு நிறுத்தனர். கிரேக்கர் அதைக் கெராட்டியோன் என்றனர், அரபியர் கீராத் என்றனர், நாம் இன்று காரட் என்கிறோம். கான்ஸ்டன்டைன் பேரரசர் வெளியிட்ட பொற்காசு 24 விதை எடை. அதிலிருந்தே 24 காரட் என்பது முழுத் தூய்மையைக் குறிக்கலாயிற்று. நமக்கோ குன்றிமணியும் மஞ்சாடியும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த நகைகள் இந்தக் கணக்கிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்கும் கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே வைத்திருந்தார்கள். முத்து எத்தனை, அரக்கு எவ்வளவு என்பதுவரை கணக்கு உண்டு. கெய்ரோவில் மணப்பெண்ணின் பட்டியல் தாளில், தஞ்சையில் கோயிலின் பட்டியல் கல்லில், இரண்டும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில்!

அரபு நாடுகளுக்கும் நமக்கும் தொடர்பு வெறும் ஒப்புமை அன்று. கடல்வழி வாணிகம் நெடுநாள் நடந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் மேற்குக் கடற்கரையில் தங்கிப் பித்தளைப் பட்டறை நடத்தினார். ஏடனில் இருந்த நண்பர்கள் பழைய செம்புப் பாத்திரங்களைக் கப்பலில் அனுப்பி, நம் நாட்டுக் கம்மியரைக் கொண்டு புதிதாக வார்த்து வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களும் அதே கெய்ரோ அறையில் கிடைத்தவையே. பாண்டிய நாட்டிற்கு அரபுக் குதிரைகள் வந்தன. ஒரு குதிரை 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். தினாரின் பழைய எடையான 4.25 கிராமைக் கொண்டு நாங்கள் கணக்குப் போட்டோம். ஒரு குதிரைக்கு ஏறக்குறைய 117 பவுன்! ரோமாபுரியிலிருந்து வந்த பொன் அரபு நாட்டுக்குக் குதிரை விலையாகப் போயிருக்கிறது. அக்காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் கழுத்தில் 104 பெரிய முத்துக்களும் மாணிக்கங்களும் கோத்த சரம் தொங்கியதாகவும், நாள்தோறும் அத்தனை முறை வேண்டுதல் சொல்லவே அந்த எண்ணிக்கை என்றும் குறிக்கிறார். நம் ஜெபமாலையில் அருள் நிறைந்த மரியே மணிகள் 53 மட்டுமே.

சொற்களும் பயணம் செய்தன. குழந்தை இடுப்பில் கட்டும் தாயத்து என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்ததென்பர். ஈரான் நாட்டு நிசாப்பூரில் அகழ்ந்தெடுத்த பழைய தாயத்துக் கூடுகளும் நம் ஊர்க் கூடுகளைப் போலவே நீண்ட குழல் வடிவானவை. நம் சொல் ஒன்றும் வெளிநாட்டில் கிடக்கிறது. தாய்லாந்தில் கிராபி மாவட்டத்தில் கிடைத்த உரைகல் ஒன்றில் 'பெரும்பத்தன் கல்' என்று தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது. அது 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பத்தரிடம் இதைச் சொன்னோம். தம் உரைகல்லை எடுத்துத் துடைத்து, ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். அதன் பிறகுதான் எங்களோடு தாராளமாகப் பேசினார்.

அவர் தந்தையும் பத்தர். 1962 சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணியைக் காக்கவும் கடத்தலைத் தடுக்கவும் அரசு 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யக் கூடாது என்றது விதி. 14 காரட் பொன் கடினம், நிறமும் குறைவு. தாலி செய்ய யார் கொடுப்பார்கள்? நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 1966இல் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து 1990 வரை நீடித்தது. இவருடைய தந்தை அந்த மூன்றாண்டுகளில் கூலிக்குக் கடலை உடைத்தாராம். "ஊதின வாய், உடைக்கிற கை ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டு உமியைக் கிளறிவிட்டார்.

அதன்பின் இயந்திரங்கள் வந்தன. அச்சில் வார்த்த நகை ஆயிரக்கணக்கில் வருகிறது. கே.டி.எம். என்று கடைப் பலகைகளில் பெற்றோர் பார்த்திருப்பார்கள். அது காட்மியம் கலந்த பற்றுப்பொடி. சூட்டில் காட்மியம் ஆவியாகிவிடுவதால் நகையின் மாற்று குறைவதில்லை. ஆனால் அந்த ஆவி ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அணிகிறவருக்கு லாபம், செய்கிறவருக்கு நோய். அதனால் ஹால்மார்க் நகையில் காட்மியம் கூடாதென்பது விதி. 2021 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. வாங்குவோருக்கு அது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் முத்திரை பொன்னின் தூய்மையைச் சொல்லுமேயன்றிக் கைவேலையைச் சொல்லாது.

பத்தரின் மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நகரத்தாரின் கழுத்துருவை முப்பதுக்கு மேற்பட்ட உறுப்புகளோடு கையாலேயே செய்யத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இனி எத்தனை பேர் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன. "கோட்டைப்பட்டினம் பக்கம் கருகமணிக்குக் கோர்க்க மணி செஞ்சிருக்கேன். உங்க ஆளுகளுக்குப் புறா போட்ட தாலி, சிலுவைத் தாலி செஞ்சிருக்கேன். அம்மனுக்குப் பொட்டு செஞ்சிருக்கேன். குண்டு எல்லாத்துக்கும் ஒரே குண்டுதான்" என்றார். நகைகளை உருக்கக் கொண்டு வருகிறவர்களிடம் சில வேளைகளில், "பாட்டி சாமானை விட்டுட்டு வேற கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். அவருக்கு அதனால் கூலி நட்டம்தான்.

2023ஆம் ஆண்டு நம் பொற்பனைக்கோட்டையில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது சின்னஞ்சிறு பொன் அணி ஒன்று கிடைத்தது. அதன் எடை ஒரு கிராமில் ஏறக்குறையக் கால் பங்கே. அவ்வளவு சிறியதாய் இருந்ததால்தானோ என்னவோ, யார் கையிலும் சிக்கி உருகாமல் தப்பியிருக்கிறது. அதைச் செய்தவரும் இப்படித்தான் குனிந்து உட்கார்ந்து ஊதியிருப்பார் என்று பேசிக்கொண்டே எழுந்தோம்.

வாசலில் எங்களை நிறுத்தினார். பாயின் மேல் நின்று பாவாடை ஓரத்தையும் உள்ளங்காலையும் நன்றாக உதறிவிட்டுப் போகச் சொன்னார். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட விலை கொடுத்து வாங்கி, அலசிப் பொன் எடுப்பவர்கள் உண்டாம். அருட்சகோதரியும் எங்களோடு நின்று தம் அங்கியை உதறினார்கள். ஒன்றும் விழுந்ததாக எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தர் மட்டும் குனிந்து, விரல் நுனியால் பாயில் எதையோ ஒற்றி எடுத்துக்கொண்டார்.